பெயர்ப் பலகை இல்லாத கேம் கடை

ஹட்டன் டவுனில் எனக்குச் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் இருக்கிறது. ரீலோட், போட்டோகொப்பி, பாஸ்போர்ட் படம், லெமினேட்டிங். ஐந்தாறு வருஷமாக இவற்றோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நான்கைந்து பையன்கள் கவுண்டரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். கசங்கிய 200 ரூபாய், உள்ளங்கையில் பேனாவால் எழுதிய ஐடி நம்பர். "அக்கா, டயமண்ட் போட்டு விடுங்க." ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேமுக்குள் சட்டை, சாமான் வாங்குகிற காசுதான் டயமண்ட். அந்தக் கேமை நான் ஒரு நாள்கூட விளையாடியதில்லை. ஆனால் அதில் எந்தச் சட்டை எப்போது வருகிறது, எது போன வாரமே போய்விட்டது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இதனால் டவுனில் எனக்கு ஒரு பெயர். கேம் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று தாய்மார் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 நத்தாருக்கு என் வீட்டிலேயே மூன்று பேருக்கு வாங்க வேண்டி வந்தது. அப்போதுதான் என் சாயம் வெளுத்தது, கண்டியில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு கேம் கடையும் அறிமுகமானது.

மகனுக்கு 11 வயது. தோஹாவில் வேலை செய்யும் அவன் அப்பா, "இந்த முறை பிளேஸ்டேஷன்" என்று, டிவியில் மாட்டி கேம் ஆடும் மெஷினுக்குப் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கு அவருடையது, அலைச்சல் என்னுடையது. அடுத்தவன் என் தம்பி. ஏ.எல். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான், கையில் ஒரு பழைய லெப்டொப். மூன்றாவது, போகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அக்காவின் மகன். 15 வயது. அவனுக்குப் போன்தான் உலகம்.

எங்கள் பக்கம் பரிசு என்றால் தீபாவளிக்குத்தான். தோட்டத்தில் முற்பணம் கொடுக்கிற காலமும் அதுதான். ஆனால் கேம் வியாபாரத்தின் பஞ்சாங்கம் வேறு. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. கொம்பியூட்டர் கேம் விற்கும் ஸ்டீமில் பெரிய தள்ளுபடி தொடங்கியது நவம்பர் 27. அடுத்தது டிசம்பர் 19இல் தொடங்கி ஜனவரி 2 வரை. நவம்பர் 11இல் 11.11 தள்ளுபடி என்று ஒன்லைன் கடைகள் கூத்தடிப்பதும் தீபாவளிக்குப் பிறகுதான். அதனால் எங்கள் வீட்டில் இப்போது தீபாவளிக்கு உடுப்பு, நத்தாருக்கு கேம். நாங்கள் சைவம்தான். ஆனால் ஹட்டனில் நத்தார் கேக் வராத சைவ வீடு எது?

முதலில் சறுக்கிய கதை. அக்கா மகனுக்கு ஒன்லைனில் ஒரு கொன்ட்ரோலர் வாங்கினேன். பட்டனும் குச்சியும் உள்ள கைப்பிடி, போனை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும் வகை. 11.11 விலை 6,900 ரூபாய். பழைய விலை என்று 13,000ஐப் போட்டுக் குறுக்கே கோடு கிழித்திருந்தார்கள். அந்தக் கோட்டை நம்பியது என் முதல் பிழை. அக்டோபரிலும் அதே சாமான் 7,200க்குத்தான் இருந்தது என்று பிறகு கடைக்கு வந்த ஒரு பையன் போனில் எடுத்து வைத்த படத்தைக் காட்டினான். இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. அக்கா மகன் பெட்டியைப் பிரித்தான், சிரித்தான், போனை மாட்டினான். கொஞ்ச நேரம் குடைந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சித்தி, இது ஃப்ரீ ஃபயருக்கு வேலை செய்யாது."

அவன் சொன்னது சரி. ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல் எல்லாம் விரலால் தொட்டு ஆடுவதற்கென்றே செய்தவை. கொன்ட்ரோலரை அவை ஏற்பதில்லை. வேறு செயலியைப் போட்டு ஏமாற்றி இணைக்கலாம் என்பார்கள், ஆனால் பிடிபட்டால் கணக்கே போய்விடும். கோல் ஒஃப் டியூட்டி மொபைலில் கொன்ட்ரோலர் வேலை செய்யும். அவன் அதை விளையாடுவதில்லை. 6,900 ரூபாய்ச் சாமான் இப்போது அவன் புத்தக அலுமாரியில் இருக்கிறது. திருப்பி அனுப்பக் கேட்டபோது, "பெட்டி பிரித்தாயிற்று" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதற்கு ஈடாக என் கடையிலிருந்தே பெருவிரல் உறை ஒரு சோடி எடுத்துக் கொடுத்தேன். மெல்லிய துணி உறை, 150 ரூபாய். வியர்த்த விரல் திரையில் ஒட்டாமல் வழுக்கிப் போவதற்காக மாட்டுவது. போகவந்தலாவைக் குளிரில் வியர்வைக்கு எங்கே போவது என்று நான் யோசித்தேன். ஆனால் அவன் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டும். அதோடு கொஞ்சம் டயமண்ட். இந்த இடத்தில் கடைக்காரியாக ஒன்று சொல்கிறேன். டயமண்டோ, பப்ஜியில் அதே மாதிரிக் காசான யூசியோ பரிசாகப் போட, பிள்ளையின் ஐடி நம்பர் மட்டும் போதும். பாஸ்வேர்ட் தேவையே இல்லை. "பாதி விலை, பாஸ்வேர்ட் அனுப்புங்க" என்று எவனாவது கேட்டால் அவன் கள்ளன். கணக்கைப் பறிகொடுத்துவிட்டு என் கவுண்டரில் வந்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அப்புறம் பிளேஸ்டேஷன். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் இரண்டு கடைகளுக்குப் போன் போட்டேன். விலை கேட்டால் விலை சொன்னார்கள், அவ்வளவுதான். கார்டில் மாதத் தவணை, வட்டியில்லை என்றார்கள். "காசாகக் கொடுத்தால்?" என்று கேட்டதும் விலை குறைந்தது. அப்படியானால் அந்த வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. டிசம்பரிலும் ஏப்ரலிலும் வங்கிகள் போடும் கார்டு ஒஃபர்களைப் பார்க்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கொழும்புக்குப் போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்பது வேறு. அந்த நேரத்தில்தான் கடைக்கு வரும் கணக்கு வாத்தியார் கண்டிக் கடையைப் பற்றிச் சொன்னார்.

அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கண்டியில் யட்டிநுவர வீதிப் பக்கம் ஒரு சந்து, கீழே சப்பாத்துக் கடை, பக்கவாட்டில் ஒடுங்கிய படி. படி ஏறும் சுவரில் வெயிலில் நீலம் மட்டும் மிஞ்சிய பழைய கால்பந்து போஸ்டர் ஒன்று. அதுதான் அடையாளம். ஒரு சனிக்கிழமை காலை 6 மணி பஸ்ஸில் மகனோடு கிளம்பினேன். கினிகத்தேன வளைவுகளில் அவன் வழக்கம்போல வாந்தி எடுத்தான். நாவலப்பிட்டியில் பிளேன்டீ, கம்பளையில் நெரிசல், பேராதனை தாண்டும்போது மணி 9.

மேலே ஒரே அறை. 32 அங்குல டிவி ஒன்று, மூன்று பிளாஸ்டிக் கதிரை, சுவர் நிறைய டிஸ்க் பெட்டிகள், மூலையில் பிரித்துப் போட்ட மெஷின்கள். கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க நானா, வெள்ளைத் தாடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். "பிஎஸ்5 டிஜிட்டல் என்ன விலை நானா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். பிளேஸ்டேஷன் 5இல் அந்த வகை கொஞ்சம் மலிவு என்று கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். நானா விலை சொல்லவில்லை.

"உக்காருங்க தங்கச்சி. பிள்ளைக்கு என்ன வயசு? வீடு எங்க? நெட் எது, கம்பியா சிம்மா?"

டிக்கோயா, 4ஜி ரவுட்டர் என்றேன். சிரித்தார். டிஜிட்டல் என்றால் டிஸ்க் போடும் வாய் இல்லை. 2023இல் வந்த ஸ்லிம் வகைக்கு அதைத் தனியாக வாங்கி மாட்டலாம், அது இன்னொரு செலவு. இல்லையென்றால் எல்லா கேமையும் நெட்டில்தான் இறக்க வேண்டும். ஜிடிஏ 5 மாதிரி ஒன்று 100 ஜிபி அளவில் வரும். "நைட் டேட்டா முடிஞ்சு, பகல் டேட்டாவும் முடிஞ்சு, அடுத்த மாசம்தான் பிள்ளை விளையாடும்" என்றார். அதோடு டிஸ்க் வாங்கினால் ஆடி முடித்து விற்கலாம், மாற்றலாம், கூட்டாளியிடம் இரவல் வாங்கலாம். நெட்டில் வாங்கிய கேம் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பாவித்த டிஸ்க்கையே நம்பிக் கடை நடத்துகிறவர் இப்படித்தான் சொல்வார் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் என் வீட்டு நெட்டை எனக்குத் தெரியும். அவர் சொன்னதில் பொய் இல்லை.

கடைசியில் எங்கள் முன்னால் வந்தது அதற்கு முந்தின பிளேஸ்டேஷன், பாவித்த பிஎஸ்4 ஸ்லிம், 1 டிபி. இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று 'உடைச்சது', அதாவது மெஷினின் மென்பொருள் பூட்டை உடைத்தது. உள்ளே நாற்பது கேம் ஏற்றிக் கொடுப்பார், 62,000 ரூபாய். மற்றது சுத்தமானது. கேம் ஒன்றும் இல்லை, 68,000. மகனின் கண் நாற்பதில் நின்றது. நானாவே சொன்னார்: உடைத்த மெஷினை ஒன்லைனில் விட முடியாது, புதுப்பிக்க முடியாது, இன்றைக்கு ஏற்றியதோடு சரி. உள்ளே இருப்பது எல்லாம் திருட்டுக் கொப்பி என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிஸ்க் அடுக்கினார். இந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் இதுதான். நல்ல மனிதர், நல்ல தொழில் அறிவு, இந்த வியாபாரம் இல்லாமலே அவர் பிழைக்கலாம்.

சுத்தமானதைப் பரீட்சை பண்ணிய விதத்துக்குத்தான் இந்தக் கடைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். அங்கேயே என் போனிலிருந்து நெட் கொடுத்து, என் கணக்கில் உள்ளே போகச் சொன்னார். முன்பு வைத்திருந்தவன் ஏதாவது தில்லுமுல்லு செய்து மெஷினுக்குத் தடை விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். டிஸ்க்கை மூன்று தடவை விழுங்க விட்டு மூன்று தடவை துப்ப விட்டார். பிறகு பந்தாட்டத்தைப் போட்டு, "அரை மணித்தியாலம் விளையாடு மகன்" என்று விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார். சூடேறினால் காற்றாடிச் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்டுப் பார்க்கத்தான் அந்த அரை மணி. பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளையா இது என்று எனக்கே சந்தேகம்.

கொன்ட்ரோலர் ஒரிஜினலா போலியா என்று பார்க்க ஒரு வித்தை காட்டினார். திரையில் எழுத்துப் பலகை வரும்போது வலது பக்கக் குச்சியை உள்ளே அழுத்திவிட்டுக் கையை அசைத்தால், அசைவுக்கு ஏற்ப எழுத்துக்கு எழுத்து நகரும். போலிகளில் பலவற்றுக்கு அந்த அசைவு உணர்வே கிடையாது. பெட்டியோடு வந்தது ஒரிஜினல். இரண்டாவது ஒன்று வேண்டும் என்றேன். பாவித்த ஒரிஜினல் 9,500, புதுப் போலி 4,500. "போலி மூணு மாசம் தங்கச்சி" என்று அவர் சொல்லியும் நான் போலியை எடுத்தேன். இரண்டரை மாதம் ஓடியது. இப்போது யாரும் தொடாமலே ஆள் இடது பக்கம் நடந்துகொண்டே இருக்கிறான், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தியவன் மாதிரி. குச்சிக்கு அடியில் ஒன்றோடொன்று உரசும் பாகம் தேய்வதால் வரும் வியாதி அது. ஒரிஜினலிலும் அதே உரசல்தான், பாகம் தரமானது என்பதால் தாமதமாக வரும். ஹோல் எஃபெக்ட் என்று காந்தத்தில் வேலை செய்யும் குச்சிகளுக்கு இந்தத் தேய்மானம் இல்லை. தம்பியின் லெப்டொப்புக்குப் பிறகு வாங்கியது அந்த வகை, 8பிட்டோ அல்டிமேட் 2சி. இதை எழுதும்வரை ஒரு குறையும் இல்லை. கேம் ஆடுகிறவருக்கு என்ன கொடுப்பதென்று தெரியாவிட்டால் ஒரு நல்ல கொன்ட்ரோலர் கொடுங்கள். எந்தக் கருவிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு.

டிஸ்க்குகளில்தான் உண்மையான மலிவு இருக்கிறது. கால்பந்து கேம் வருஷத்துக்கு ஒன்று செப்டெம்பரில் வரும். புதியது வந்த அன்றே பழையதன் விலை படியில் உருண்ட தேங்காய். எஃப்சி 25க்கு நானா கேட்டது 13,000. ஒரு வருஷம் பழைய எஃப்சி 24க்கு 3,500. பந்து அதே பந்து. சில ஆட்டக்காரர்கள் கழகம் மாறியிருப்பார்கள், அவ்வளவுதான். 11 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம் என்று மகன் வாதாடினான். மிச்சம் 9,500 என்றேன். அதில் இன்னொரு கேம் வாங்கலாம் என்றதும் வாதம் முடிந்தது. கிரிக்கெட் 24 கேட்டான், 7,500. மலைநாட்டில் கிரிக்கெட்டுக்கு மவுசு குறையாது போல, இறங்கவே மாட்டேன் என்றார்.

அந்த இன்னொரு கேமை நானா தெரிவு செய்தார். "வீட்டில் யார் யார்?" என்று கேட்டார். நானும் மகனும் என் அம்மாவும் என்றேன். இட் டேக்ஸ் டூ டிஸ்க்கை எடுத்து வைத்தார், 5,500. 2021இல் வந்தது, அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்று த கேம் அவோர்ட்ஸில் பரிசு வாங்கியது. தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். அதனால் வேறு வழியில்லாமல் நான் கொன்ட்ரோலர் பிடிக்கப் பழகினேன். கதை என்னவென்றால், பிரியப்போகிற புருஷனும் பெண்சாதியும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தால்தான் மனிதர்களாக முடியும். இதை நானா எனக்குச் சொல்லவில்லை. தோஹாவில் அப்பா இருக்கும் பிள்ளையோடு உட்கார்ந்து அதை ஆடுவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள், "நீங்களும் அப்பாவும் சண்டையா?" என்று கேட்டான். விமான டிக்கெட் விலைதான் சண்டை என்றேன். ஆனால் சொல்ல வேண்டும், அந்த லீவு முழுக்க என் பிள்ளை என்னோடு கதைத்த அளவுக்கு அதற்கு முன் கதைத்ததில்லை. நான் குழியில் விழும்போதெல்லாம் திட்டினான், அது வேறு.

மொத்தம் 81,500. 500ஐ விட்டுக் கொடுத்தார். என் அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தவர். விலையைக் கேட்டால் அவர் கணக்கே வேறு. 2024 செப்டெம்பருக்குப் பிறகு, அப்போது, தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆக இருந்தது. புதுக் கேம் ஒன்று 60 டொலர் என்றால் அப்போதைய விலைக்கு ஏறக்குறைய 17,500 ரூபாய். "அப்போ 13 நாள் மலையேறணும்" என்றார் அம்மா. அதன் பிறகு எந்த டிஸ்க்கைப் பார்த்தாலும் எனக்கு நாள் கணக்குத்தான் ஓடுகிறது. எஃப்சி 24 இரண்டரை நாள். பரவாயில்லை.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கார்டு கிடையாது, காசு அல்லது வங்கியில் போட வேண்டும். டிஸ்க் சிலவற்றுக்குச் சொந்தப் பெட்டி இல்லை. கால்பந்து டிஸ்க் வந்தது ஏதோ கார் பந்தயப் பெட்டிக்குள். நின்டெண்டோ கேட்டால் ஒன்றிரண்டு ஸ்விட்ச் மட்டும்தான், கேம் இன்னும் குறைவு. படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆவுக்கு மூடிவிடுவார், அது தெரியாமல் போய் இரண்டு மணித்தியாலம் சந்தில் நின்றேன், இரண்டாவது முறை போனபோது. ஆனால் பில் கொடுப்பார். கையால் எழுதிய பில்தான், அதில் மெஷினின் சீரியல் நம்பரும் மூன்று மாத வொரண்டியும் இருக்கும். பாவித்த சாமானுக்கு அதுவே பெரிது.

புறப்படும்போது இரண்டு புத்தி சொன்னார். ஒன்று, டிவிக்குப் போடுகிற மாதிரி மெஷினுக்கு மேல் லேஸ் துணி போடாதீர்கள், மூச்சு முட்டிச் செத்துப் போகும். அம்மா துணியைத் தைத்தே வைத்திருந்தார், பாவம். மற்றது, ஏப்ரல் இடி மழைக்கு முன்னால் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள் என்றார். ஆட்டத்துக்கு நடுவில் கரண்ட் போனால் அடுத்த தடவை போடும்போது, ஒழுங்காக நிறுத்தவில்லை என்று பிஎஸ்4 குறை சொல்லிக்கொண்டு உள்ளே சோதனை நடத்தும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் ஹார்ட் டிஸ்க்குக்கே ஆபத்து. 650விஏ ஒன்று 12,500க்கு ஹட்டனிலேயே வாங்கினேன். கேமைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது தரும் சில நிமிஷம் போதும்.

பரிசு கார்டு விஷயத்தில் பிழை முழுக்க எங்களுடையது. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு அமெரிக்கா என்று போட்டேன். கனடாவிலிருந்து என் நாத்தனார், என் மகனுக்கு ஆசையாக 50 டொலர் கார்டு அனுப்பினார், கனடாக் கார்டு. கணக்கு எந்த நாடோ கார்டும் அந்த நாடாக இருக்க வேண்டும். கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. அந்தக் கார்டு கடைசியில் டொரொண்டோவில் அவர் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பக் கேட்டால், முதலில் கணக்கு எந்த நாடு என்று பிள்ளையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தம்பிக்கு எல்லாம் சுலபமாக முடிந்தது. ஸ்டீமில் இலங்கைக் கணக்குக்கு விலை டொலரில்தான் காட்டும். ஆனால் தென்னாசியாவுக்கென்று தனி விலை வைத்திருக்கிறார்கள், பல கேம்கள் அமெரிக்க விலையைவிடக் குறைவு. அவன் விருப்பப் பட்டியலைத் திறந்து பார்த்தால் என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். பரிசாக வாங்கி, எந்தத் தேதியில் போய்ச் சேர வேண்டும் என்றும் குறிக்கலாம். அவனுடைய கடைசிப் பேப்பர் முடிந்த பிறகு வரும்படி தேதி போட்டேன். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஒன்லைன் கொன்ட்ரோலரோடு பட்ட பாட்டுக்குப் பிறகு இதைப் படித்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. எபிக் ஸ்டோர் பக்கமும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வாரம் ஒரு கேம் சும்மா கொடுக்கிறார்கள், நத்தார் நேரத்தில் நாளுக்கு ஒன்று என்று வரும்.

அவன் பட்டியலில் மேலே இருந்தது ஸ்டார்டூ வேலி. ஒரே ஆள் உட்கார்ந்து உருவாக்கி 2016இல் வெளியிட்ட கேம். தள்ளுபடி இல்லாமலே அமெரிக்க விலை 15 டொலர்தான், பழைய லெப்டொப்பிலும் ஓடும். தாத்தா விட்டுப்போன நிலத்தில் பயிர் செய்வதுதான் கதை. தோட்டத்தில் பிறந்து ஒரு நாள் மண்வெட்டி பிடிக்காதவன், ராத்திரி இரண்டு மணிவரை கொம்பியூட்டரில் களை பிடுங்குகிறான். அதில் தேயிலைச் செடியும் உண்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். நட்டு 20 நாளில் செடி வளர்ந்துவிடும், பருவத்தின் கடைசி ஒரு வாரம் மட்டும் கொழுந்து எடுக்கலாம். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "மூணு வருஷமாவது ஆகாம எந்தச் செடி கொழுந்து குடுக்கும்? பருவத்துக்கு ஒரு வாரம் பறிச்சா மத்த நாளுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" பிறகு, அந்த ஆள் செடியைக் கவாத்து வெட்டுகிறானா என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து போய்விட்டார். ஆனால் அடுத்த நாள், "உன் மலையில கொழுந்து வந்துருச்சா?" என்று அவனைக் கேட்டது என் காதில் விழுந்தது.

ஏப்ரல் வருஷப்பிறப்பு லீவில் திரும்பவும் கண்டிக்குப் போனோம். எஃப்சி 24ஐக் கொடுத்தோம், நானா தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு 2,000 தந்தார். அதற்கு மேல் 6,000 போட்டு எஃப்சி 25ஐ எடுத்தான் மகன். டிசம்பரில் 13,000 கேட்டது அப்போது 8,000. நடக்கிற குச்சியுள்ள போலிக் கொன்ட்ரோலரையும் மேசையில் வைத்தேன். நானா அதைப் பார்க்கக்கூட இல்லை. மேசை லாச்சியைத் திறந்து பாவித்த ஒரிஜினல் ஒன்றை எடுத்து எழுத்துப் பலகையைத் திரையில் போட்டார். "அசைச்சுப் பாருங்க தங்கச்சி, 9,000."